சந்து கழுவும் மிஷின்

எண்பதுகளின் நடுவில், ஒரு மாசி மாதத்தில், என் அக்காவின் மேல்வரிசைப் பற்களை மொத்தமாகப் பிடுங்கிவிடுவது என்று முடிவாயிற்று. முழுப்பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் அடைத்ததும், அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் பல் செட் கட்டிக்கொண்டிருந்தவரிடம் போய் எல்லாவற்றையும் எடுத்துவிடுவது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் புது செட்டை மாட்டிக்கொண்டுவிடுவது. இதுதான் திட்டம். அக்காவுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது.

அவள் அரியலூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. இரண்டு வருடமாக ஈறு வீங்கி, பல்பொடி வைத்துத் தேய்த்தால் விரலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. மேலே முன்பக்கத்தில் நான்கு பற்கள் நாக்கு பட்டாலே அசைந்தன. வாய் நாற்றம் தன்னிடமிருந்து வருகிறது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் முந்தானையை வாயின் மேல் பிடித்துக்கொண்டே பாடம் நடத்தினாள். ஒருமுறை நான் அவள் பள்ளிக்குப் போயிருந்தேன். அ, ஆ சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லோரும் வலது கையால் வாயைப் பொத்தியிருந்தார்கள். எழுத்தை அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தார்கள். இதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவளே பிறகு கண்டுபிடித்தாள்.

அக்காவின் கணவர் கொத்தனார் மேஸ்திரி. நான் மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிக் கட்டடம் அவர் கை பட்டது. பல்லைப் பிடுங்குவது என்ற முடிவும் அவருடையதுதான். அதில் கோபமோ அலட்சியமோ கிடையாது. தொழில்முறையில் யோசித்து எடுத்த முடிவு.

"ஆடுற செவுத்துக்கு எத்தன நாளு முட்டுக் குடுக்கறது மாப்ள? இடிச்சுட்டுப் புதுசாக் கட்டுறது லேசு."

"அது செவுரு இல்ல மாமா, பல்லு."

"ரெண்டும் வரிசையாத்தான நிக்குது."

நான் அப்போது பெரம்பலூரில் தங்கி, திருச்சியிலிருந்து வந்த ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். எழுதிய செய்திகளைக் கவரில் போட்டு, திருச்சி போகும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்ப வேண்டும். விபத்து, வறட்சி, பஞ்சாயத்துக் கூட்டம், மாட்டுச் சந்தை என்று எது கிடைத்தாலும் எழுதினேன். அந்த மாசியில் அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசப் பல் பரிசோதனை முகாம் நடந்தது. செய்தி எடுக்கப் போன நான் அக்காவையும் மாமாவையும் வரச்சொல்லி வரிசையில் நிறுத்தினேன்.

பரிசோதித்தவர் பெரம்பலூரில் புதிதாகக் கிளினிக் திறந்திருந்த ஓர் இளம் பெண் டாக்டர். அக்காவை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்து, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார்.

"பல்லு சொத்தையெல்லாம் இல்லம்மா. பல்லச் சுத்தி நல்லா காரை கட்டியிருக்கு. ஈறுக்கு அடியில வரைக்கும் போயிருக்கு. அதச் சுரண்டி எடுத்துட்டா ஈறு இறுகிக்கும். கிளினிக்குக்கு வாங்க. இப்பவே பிடுங்கணும்ன்னு ஒண்ணும் இல்ல."

அக்கா என்னைப் பார்த்தாள். மாமாவின் முகத்தில் மட்டும் வேறு மாதிரி ஒரு வெளிச்சம் தெரிந்தது. அதன் காரணம் வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பல்லில் படியும் அழுக்கு கெட்டியாகிக் கல்லாவதைப் பல் டாக்டர்கள் காரை என்கிறார்கள். அகராதியும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் மாமா வீட்டில் காரை என்றால் சுண்ணாம்பும் மணலும் சேர்த்து அரைத்து, செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே வைக்கிற சாந்து. அவர் அப்பா காலத்தில் கட்டிய சுவர்கள் அந்தக் காரையில்தான் நிற்கின்றன. 'நல்லா காரை கட்டியிருக்கு' என்று ஒருவர் சொன்னால், அந்த வீட்டில் அது பாராட்டு.

"கேட்டியா டீச்சரு," என்றார் மாமா. அக்காவை அவர் கேலியாகவும் பிரியமாகவும் அப்படித்தான் கூப்பிடுவார். "அந்தக் காரைதான் இத்தன நாளா உம் பல்லப் புடிச்சு நிறுத்தியிருக்கு. அதையும் பேத்து எடுத்துட்டா, பல் செட்டுக்காரன் புடுங்கவே வேணாம். மோர் குடிக்கயில கொட்டிடும்."

"டாக்டரு அப்புடிச் சொல்லலியே," என்றாள் அக்கா.

"அந்தம்மா செவுரு கட்டியிருக்கா? படிச்சிருக்கா. அவ்வளவுதான்."

ஊரிலும் அவருக்குச் சாட்சிகள் கிடைத்தார்கள். யாரோ திருச்சியில் பல் சுத்தம் செய்துகொண்டு வந்தாராம், அதற்குப் பிறகுதான் ஆடத் தொடங்கியதாம். எதிர்வீட்டு அம்மாள், காரையை எடுத்தால் மூளைக்குக் குளிர் ஏறும் என்றாள். நான் டாக்டர் சொன்னதை மறுபடி மறுபடி சொன்னேன். ஆனால் நான் சொல்லச் சொல்ல அந்தச் சொல்லும் கூடவே வந்தது. ஒவ்வொரு முறை நான் 'காரை' என்று சொன்னபோதும் மாமா தலையை ஆட்டிக்கொண்டார்.

அக்கா இரண்டு பக்கமும் பேசவில்லை. முன்பல்லில் படாமல் கடைவாயில் சோற்றை ஒதுக்கி மென்றுகொண்டிருந்தாள். வீட்டில் முறுக்கு சுட்டால் அவள் பங்கைத் தண்ணீரில் நனைத்தாள். பல் செட்டுக்காரர் அளவு எடுக்க வரச்சொன்ன நாளுக்கு மட்டும் தலைவலி என்று போகாமல் இருந்துவிட்டாள். தலைவலி உண்மையாகவும் இருந்திருக்கலாம்.

பங்குனியில் மாமாவின் தம்பி சவுதியிலிருந்து லீவில் வந்தார். அவரும் கொத்து வேலைக்காரர்தான். அங்கே போய் டைல்ஸ் ஒட்டப் பழகியிருந்தார். அவர் பெட்டியிலிருந்து சோப்பு, செண்ட், டார்ச் லைட், பளபளக்கும் துணி எல்லாம் வெளியே வந்து உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. கடைசியாகக் கம்பளிக்குள் சுற்றிய ஒரு சாமானை எடுத்து, "அண்ணே, இது உனக்கு. நம்ம தொழிலுக்கு ஆவுற மிஷினு," என்று மாமாவிடம் கொடுத்தார்.

வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ரேடியோ அளவு ஒரு பெட்டி. மேலே தண்ணீர் ஊற்றும் தொட்டி. பக்கத்திலிருந்து சுருள் சுருளாக ஒரு மெல்லிய குழாய், அதன் முனையில் பேனா மாதிரி ஒரு பிடி, பிடியின் நுனியில் ஊசி மாதிரி வளைந்த ஒரு மூக்கு. டைல்ஸ் ஒட்டிய வீட்டிலிருந்த வெளிநாட்டு என்ஜினீயர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது கொடுத்துவிட்டுப் போனாராம். அட்டைப்பெட்டியோ விளக்கத் தாளோ கிடையாது.

"இது என்னாடா?"

"சந்து கழுவுற மிஷினு. டைல்ஸ் ஒட்டுறோமில்ல, ரெண்டு டைல்ஸுக்கு நடுவுல சந்து இருக்கில்ல, அதுல இருக்கற தூசியக் கழுவிட்டுத்தான் வெள்ளச் சிமிண்டு அடைக்கணும். அதுக்குத்தான். பாரு, மூக்கு எம்மாஞ் சின்னதா வச்சிருக்கான்!"

"அந்த ஆளு அப்புடிச் சொன்னானா?"

"அவன் பேசுறது எனக்கு எங்க புரியுது? கையக் காட்டினான். இப்புடி இப்புடின்னு காட்டினான்." அவர் விரலை முகத்துக்கு நேரே பிடித்து இடமும் வலமும் ஆட்டிக் காட்டினார். அதில் சந்தேகப்பட எங்களுக்கு எதுவும் தோன்றவில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. சவுதியில் அவர் இருந்த இடத்தில் கரண்ட் நூற்றுப் பத்து வோல்ட். நம் ஊரில் அதைப்போல இரண்டு மடங்கு. நேராகச் சொருகினால் மோட்டார் புகைந்துவிடும். நடுவில் ஸ்டெப்டவுன் என்று ஒரு கனத்த பெட்டி வைக்க வேண்டும். அதைத் தம்பி கொண்டுவந்திருந்தார். ஆனால் டேப்ரிக்கார்டரோடு சேர்த்து மாமனார் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

"திருப்பிக் கேட்டா நல்லாருக்காது அண்ணே. அடுத்த தடவ கொண்டாறேன்."

மாமா பல்பைப் பார்த்தார். அந்திக்கு மேல் சுற்றிலும் பம்பு செட்டுகள் ஓடும் நேரம் அது. லைனின் கடைசியில் இருந்த ஊர். டியூப் லைட் இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் படுத்துவிட்டது. குண்டு பல்பின் கம்பி மட்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தது.

"இப்பச் சொருகுடா. இப்ப வர்றது உன் நூத்திப் பத்துகூட இருக்காது."

சொருகினார்கள். மிஷின் முனகியது, பிறகு சீராக ஓடியது. மூக்கிலிருந்து தண்ணீர் ஒரே கோடாக வராமல் துடித்துத் துடித்து வந்தது. சந்தோஷத்தில் தம்பி அதைக் கூடத்துச் சுவர்மேல் பிடிக்க, காந்தி படம் நனைந்தது. அந்த ஊருக்கு நல்ல கரண்ட் வரவில்லை என்று நானே இரண்டு முறை செய்தி எழுதியிருந்தேன். அதனால் நன்மை ஒன்று விளைந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மாமாவுக்கு மட்டும் திருப்தி இல்லை. தண்ணீர் வேகம் போதாது, இதை வைத்து ஒரு அறையின் சந்தைக் கழுவ ஒரு வாரம் ஆகும் என்றார். எனக்கோ அந்த வளைந்த மூக்குதான் உறுத்தியது. தரையில் வேலை செய்யும் சாமானுக்கு மூக்கை வளைப்பானேன்? அதைத் துணிப்பையில் போட்டு, பெரம்பலூரில் ரேடியோ ரிப்பேர் செய்பவரிடம் காட்டுவதாகச் சொல்லி எடுத்துப் போனேன். அவருக்கும் தெரியவில்லை. திரும்பி வரும் வழியில் அந்தப் பல் டாக்டரின் கிளினிக் இருந்தது. அக்காவை எப்போது அழைத்துவரலாம் என்று கேட்க உள்ளே போய், பையை மேசைமேல் வைத்தேன். பையின் வாய் திறந்துகொண்டது.

டாக்டர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

"இது எப்படிங்க உங்க கைக்கு வந்துச்சு?"

"சந்து கழுவுற மிஷினுங்க. டைல்ஸுக்கு."

அவர் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்த கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார். "சந்து கழுவுறதுதான். ஆனா பல்லுச் சந்து. நான் புத்தகத்துல படந்தான் பாத்திருக்கேன். எங்க காலேஜ்லகூட இது கெடையாது. ஓட்டிப் பாக்கலாமா?"

பிளக்கை எடுத்துக்கொண்டு அவர் சுவர்ப் பக்கம் போனபோது, "வேண்டாங்க!" என்று நான் சத்தம் போட்டுவிட்டேன். "டவுன்ல கரண்ட் ஒழுங்கா வருதுங்க. வெடிச்சுடும்."

உட்காரவைத்து விவரமாகச் சொன்னார். ஏற்கெனவே கல்லாகிவிட்ட காரையை இந்தத் தண்ணீர் எடுக்காது. அதை டாக்டர்தான் கருவியால் சுரண்ட வேண்டும். ஆனால் காரை முதல்நாளே கல்லாகப் பிறப்பதில்லை. பல்லின்மேல் பிசுபிசுப்பாக ஒரு படலம் படிகிறது. எடுக்காமல் விட்டால் அது இறுகுகிறது. பிரஷ் போகாத சந்திலும் ஈறு விளிம்பிலும் தங்குகிற உணவையும் படலத்தையும் இந்தத் தண்ணீர் அடித்துக் கொண்டுபோகும். பிரஷ்ஷுக்கு இது பதில் இல்லை, கூடுதல் உதவி. உங்கள் அக்காவுக்குச் சந்து அகலமாகிவிட்டது, அவருக்கு இது நிச்சயம் பயன்படும். முதலில் காரை போகட்டும், அப்புறம் இது.

நான் அன்று சாயங்காலமே ஊருக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"பல்லுக்கு மோட்டார் வச்சிருக்கானா! வாய்க்கா வெட்டி வரப்பு கட்டலியா?" பிறகு தம்பியைப் பார்த்து, "ஏண்டா, ஒருத்தன் வாயி கழுவுன சாமானயா எனக்குக் கொண்டாந்த?" என்றார். தம்பி முகம் சுருங்கிப்போயிற்று. மூக்குகள் மாற்றுகிறாற்போல் தனித்தனியாக நான்கு இருந்ததும், அதில் இரண்டு பிரிக்காத உறையில் இருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டன. ஆளுக்கு ஒன்று மாட்டிக்கொள்வதற்காக.

சிரிப்பு அடங்கியதும் மாமா பழைய இடத்துக்கே வந்தார். "மிஷின வச்சுக் கழுவட்டும். நான் வேணாங்கல. காரைய மட்டும் பேக்கக் கூடாது."

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, போன மாசம் பெருமா கோயில் மதிலுக்குப் பாயிண்டிங் பண்ணுனீங்களே. பழைய காரை இருந்துச்சில்ல. அதுமேலயேதான பூசுனீங்க?"

மாமாவுக்குச் சுருக்கென்றது. "யாரு சொன்னா? மக்கிப்போன காரைமேல பூசுனா நிக்குமா? சந்து சந்தாக் கிளறி எடுத்தோம். அப்பறம் தண்ணி அடிச்சுக் கழுவுனோம். அப்பறந்தான் புதுசு."

"பூராத்தையும் கிளறிட்டீங்களா?"

"ஒரு பொட்டு விடல."

"கிளறையில செங்கல்லு கொட்டலியா?"

"அதெப்புடிக் கொட்டும்? செங்கல்லு அதது உக்காந்த எடத்துல..."

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா தன் மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் மாட்டிக்கொண்டு விழிப்பதை அக்கா தினமும் பார்ப்பவள். அவசரப்படாமல் காத்திருந்தாள்.

"செங்கல்லுக்கு நரம்பு கெடையாது," என்றார் கடைசியில்.

"பல்லுக்கு வேரு இருக்கு," என்றாள் அக்கா.

மறுவாரம் சனிக்கிழமை நாங்கள் மூவரும் பெரம்பலூர் கிளினிக்கில் இருந்தோம். டாக்டர் சுரண்டுவதைப் பார்க்க வேண்டும் என்று மாமா கேட்டார், டாக்டர் மறுக்கவில்லை. கொக்கி போன்ற கருவி பல்லின் அடியில் போய், மஞ்சளும் பழுப்புமாகச் சில்லுகளை எடுத்துத் தட்டில் போட்டது. மாமா ஒரு சில்லைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கிப் பார்த்தார். காரையின் தரத்தை எங்கேயும் அப்படித்தான் பார்ப்பார். "பலமாத்தான் இருக்கு," என்று என் காதில் சொன்னார். இரண்டு தவணையாக எல்லாவற்றையும் எடுத்தார் டாக்டர். பல்பொடியை நிறுத்தச் சொல்லி, மெத்தென்ற பிரஷ் ஒன்றைக் கொடுத்து, எப்படித் தேய்ப்பது என்று அக்காவின் கையைப் பிடித்துக் காட்டினார்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரம்தான் மோசமானது. அடைத்துக்கொண்டிருந்த காரை போனதும் பல்லுக்குப் பல் இடைவெளி தெரிந்தது. காற்றுப் பட்டாலே கூசியது. ஆட்டம் குறையவில்லை, அதிகமானதுபோலவே அக்காவுக்குத் தோன்றியது. இது இப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சொன்னதைக் கேட்பது வேறு, கண்ணாடியில் பார்ப்பது வேறு. நான்கில் ஒரு பல்லைக் காப்பாற்ற முடியாது என்று மூன்றாவது முறை போனபோது டாக்டர் எடுத்துவிட்டார்.

பள்ளிக்கூடம் அடைத்தது. பல் செட்டுக்காரர் மாமாவை அரியலூர்க் கடைத்தெருவில் பார்த்து, "என்ன மேஸ்திரி, அளவெடுக்க மாவு கொழைக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். மாமா வந்து சொன்னதை அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்னா சொன்னீங்க?" என்றாள்.

"வேல நடந்துக்கிட்டிருக்கு, இப்ப எடையில வேற கொத்தன விட முடியாதுன்னுட்டேன்."

மிஷின் தினமும் அந்தியில் ஓடியது. அது ஒரு குடும்பக் காரியமாகவே ஆகிவிட்டது. அக்கா கொல்லைப்புறக் கதவருகே அலுமினிய அன்னக்கூடையின்மேல் குனிந்து, மூக்கை வாய்க்குள் வைத்து, உதட்டைப் பாதி மூடிக்கொள்வாள். அப்படி மூடாவிட்டால் எதிரே இருப்பவர் குளிக்க வேண்டியதுதான். முதல்நாள் நான் குளித்தேன். தண்ணீர் ஈறு விளிம்பில் ஒவ்வொரு சந்தாக நகரும். மாமா சுவர் ஸ்விட்சில் கையை வைத்துக்கொண்டு, தலையை அண்ணாந்து பல்பையே பார்த்தபடி நிற்பார். பல்பு மிளகாய்ப் பழ நிறத்தில் இருக்கும்வரை மிஷின் ஓடலாம். கொஞ்சம் மஞ்சளானால் ஆபத்து, வெளுத்தால் போயிற்று.

"சீக்கிரம் முடி டீச்சரு. கம்பி வெளுக்குது."

வாய்க்குள் தண்ணீரோடு அக்கா ஏதோ சொல்வாள். அது திட்டு என்பது மட்டும் புரியும்.

ஒருநாள் கடலை உடைக்கிற மிஷின் வைத்திருந்தவர் வீட்டில் மோட்டாரை நிறுத்தினார்களோ, மழை வந்து பம்பு செட்டுகளை அணைத்தார்களோ, பல்பு பளீரென்று எரிந்தது. மாமா ஸ்விட்சை அணைத்ததோடு நிற்காமல் வயரையும் பிடித்து இழுத்தார். மிஷின் தப்பியது. பிளக் பாயிண்ட் சுவரோடு பெயர்ந்து வந்தது. அதைப் பூசிக் கொடுக்க வீட்டிலேயே மேஸ்திரி இருந்ததால் கஷ்டமில்லை.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது. சோறு வடிக்கிற பானையின் உட்புறம்கூட வெள்ளையாகிவிடும். ஒரு மாதத்தில் மிஷினிலிருந்து தண்ணீர் சன்னமாகி, பிறகு சொட்டத் தொடங்கியது. சவுதிக்குத் திரும்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த தம்பி, மூக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்:

"அண்ணி! மிஷினுக்கே காரை கட்டிருச்சு!"

எலுமிச்சம்பழச் சாற்றில் மூக்கை ஊறப்போட்டதும் அடைப்பு கரைந்தது. அப்படியானால் பல்லையும் எலுமிச்சம்பழச் சாற்றில் ஊறவைக்கலாமே என்று எதிர்வீட்டு அம்மாள் யோசனை சொன்னாள். நல்லவேளையாக அக்கா டாக்டரைக் கேட்டாள். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். புளிப்பு பல்லையே அரித்துவிடும், அதை மிஷினோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். அன்றிலிருந்து மிஷினுக்குக் காய்ச்சி, தெளியவைத்து, மேலாக எடுத்த தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்றினார்கள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது அக்கா இடதுபக்கம் ஒரு பல் இல்லாமல் போனாள். ஒன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு முன்பல் விழுந்திருக்கும் என்பதால் அது அங்கே ஒரு குறையாகத் தெரியவில்லை. "டீச்சருக்கும் விழுந்துருச்சுடா" என்று ஒரு பெண்பிள்ளை சந்தோஷமாக மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டியதாம். எப்போ மொளைக்கும் என்று கேட்டதாம். இதைச் சொல்லும்போது அக்கா வாய்விட்டுச் சிரித்ததை நான் கவனித்தேன். பிரஷ்ஷில் ரத்தம் நின்று அப்போது சில நாட்கள் ஆகியிருந்தன. அதையும் அவள்தான் சொன்னாள். ஆனால் எங்களுக்குத் தெரியாமல் அதை அவள் தனியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

புரட்டாசிக்குப் பிறகு ஆட்டம் குறைந்தது தெரிந்தது. முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். தம்பி யாரோ ஒருவர் மூலம் ஸ்டெப்டவுன் கொடுத்தனுப்பினார். பல்பைப் பார்க்கும் வேலை மாமாவுக்கு இல்லாமல் போயிற்று. இருந்தும் கொஞ்ச நாள் வரைக்கும், மிஷின் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் எழுந்து வந்து ஸ்விட்ச் பக்கத்தில் நின்றார்.

தை மாதத்தில் டாக்டர் மறுபடி வரச்சொல்லியிருந்தார். இந்த முறைதான் மீதி மூன்று பற்களின் கதி முடிவாக வேண்டும். நிற்காது என்றால், எடுத்துவிட்டுக் கட்டுவதுதான் வழி என்று அவரே சொல்லியிருந்தார். பஸ்ஸில் போகும்போது அக்கா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே வந்தாள். மாமா வழக்கத்துக்கு மாறாக ஒரு கட்டடத்தைப் பற்றியும் குறை சொல்லவில்லை.

டாக்டர் கண்ணாடியின் கைப்பிடியால் ஒவ்வொரு பல்லையும் முன்னும் பின்னும் அழுத்திப் பார்த்தார். ஈறின் ஓரத்தில் மெல்லிய கம்பியை விட்டு ஆழம் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காருங்க மேஸ்திரி. நிக்கும்."

"எதுங்க?"

"மூணும். நடுப் பல்லு மட்டும் இன்னும் துளி அசையுது. அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும். ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்து சுத்தம் பண்ணிக்கணும். பிரஷ்ஷ விட்டுடக் கூடாது. உங்க மோட்டாரையும் விடாதீங்க."

"இதுல கடிக்கலாங்களா?" என்று அக்கா விரலால் முன்பல்லைத் தொட்டுக் கேட்டாள். அவள் அந்தப் பல்லால் எதையும் கடித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"கடிக்கலாம். கனிஞ்ச பழமா, மெதுவாப் பாத்துக் கடிங்க. கரும்பெல்லாம் வேணாம்."

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. நான் ஏறவில்லை, கவர் அனுப்பும் வேலை இருந்தது. அவர்களை ஏற்றிவிட்டுக் கீழே நின்றேன். கொய்யாப்பழக் கூடையோடு ஒரு பெண் ஜன்னல் ஓரமாக வந்தாள். அக்கா கையை நீட்டிக் கூடைக்குள் புரட்டி, மஞ்சளாக இருந்தவற்றை ஒதுக்கிவிட்டு, பச்சையாக ஒன்றை எடுத்தாள்.

"ஏ டீச்சரு, டாக்டரு கனிஞ்சதச் சொன்னாங்க. நீ கல்லுமாரி காய எடுக்கற!"

"நீங்க சும்மா இருங்க."

நேர் முன்பல்லால் கடித்தாள். சத்தம் ஜன்னலுக்குக் கீழே நின்ற எனக்குக் கேட்டது. மென்று விழுங்காமல், பழத்தைத் திருப்பிக் கடித்த இடத்தைப் பார்த்தாள். வெள்ளைச் சதையில் பல் வரிசை பதிந்திருந்தது. ஓரிடத்தில் இடைவெளி. சிவப்பு எங்கும் இல்லை. அவள் அதை மாமாவிடம் நீட்டினாள். அவர் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பை ஒரு சுற்று பார்த்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார். மாமா பழத்தை ஜன்னல் வழியாக என் பக்கம் காட்டினார். பஸ் நகர்ந்தபோது அக்கா அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கி அடுத்த வாய் கடித்துக்கொண்டிருந்தாள்.